16 கோர், 38 புத்தகம், இரண்டு மணி நேரம்

பழைய புத்தகங்களின் ஸ்கேன் படங்களைக் கணினியில் எழுத்தாக மாற்றுகிறோம். கடைசியாக ஓடிய தொகுதி 1 மணி 12 நிமிடத்தில் முடிந்தது. 38 புத்தகம், 7,200 பக்கம். இதே தொகுதி, இதே இயந்திரத்தில் ஆரம்ப முயற்சி ஒன்றில் 3 மணி 40 நிமிடம் எடுத்தது. வன்பொருளில் எதையும் மாற்றவில்லை. எந்தப் புத்தகத்தை முதலில் தொடங்குவது, எதற்கு எத்தனை கோர் (சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கணிப்பு அலகு) கொடுப்பது என்பதை மட்டும்தான் மாற்றினேன். அந்தக் கணக்கை எழுதி வைத்துவிட்டால் இதே மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு உதவும்.

வேலை இதுதான். ஒரு சிறு நூலகத்தில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி படித்தெடுப்பது) ஓட்டி, உள்ளே தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்குகிறோம். மாலை 6 மணிக்கு ஸ்கேன் வேலை நிற்கும். 8 மணிக்குக் கட்டடத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் நூலகர் வீட்டுக்குப் போவார். “தம்பி, ராத்திரி முழுக்க மெஷின் ஓடக் கூடாது, ஒயரிங் பழசு” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆக, இருப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் அன்றைய தொகுதி முடிய வேண்டும்.

இயந்திரம் சென்னை ரிச்சி தெருவில் 26,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய வொர்க்ஸ்டேஷன். இன்டெல் ஜியான் ஈ5-2670 இரண்டு. 2012இல் வந்த சில்லு, ஒவ்வொன்றிலும் 8 கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ். ரேம் 32 ஜிபி. ஹைப்பர்த்ரெடிங்கை (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) பயாஸிலேயே அணைத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டால் மொத்த வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக மெதுவாகும், நேரத்தை அளப்பதும் குழப்பம். எழுத்தைப் படிக்கும் மென்பொருள் டெசராக்ட்; அதைப் புத்தகம் முழுக்க ஓட்டி பிடிஎஃப் ஆக்க, அதன் மேல் ஓசிஆர்மைபிடிஎஃப். தமிழுக்கு ‘பெஸ்ட்’ மாடல். ‘ஃபாஸ்ட்’ மாடல் வேகமானது. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை வைத்த ‘லை’, ‘ணை’ எல்லாம் வரும். எங்கள் மாதிரிப் பக்கங்களில் ‘ஃபாஸ்ட்’ அதிகமாகத் தடுமாறியது. எப்படியும் மெய்ப்பு பார்க்கத்தான் போகிறோம் என்றாலும் திருத்தம் குறைவது நல்லதுதானே.

ஓசிஆர்மைபிடிஎஃப்பில் ‘ஜாப்ஸ்’ என்று ஒரு விருப்பம் உண்டு. ஒரு புத்தகத்தின் எத்தனை பக்கங்களை ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று அதில் சொல்லலாம். 1 கொடுத்தால் ஒரு கோர், 6 கொடுத்தால் ஆறு கோர். தொடங்கும்போது எந்த எண்ணையும் கொடுக்கலாம். ஓட ஆரம்பித்த பிறகு மாற்ற முடியாது. மொத்தச் சிக்கலும் இங்கேதான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அகலம், அதாவது எத்தனை கோர், எவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

முதல் நாள் எதையும் யோசிக்கவில்லை. குனூ பேரலலில் (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் கருவி) 16 என்று கொடுத்து எல்லாப் புத்தகத்தையும் தள்ளிவிட்டேன். ஓசிஆர்மைபிடிஎஃப்புக்கு எதுவும் சொல்லாவிட்டால் அது இருக்கிற எல்லா கோரையும் எடுத்துக்கொள்ளும். 16 புத்தகம், ஒவ்வொன்றும் 16 பக்கம், ஆக 256 டெசராக்ட். ஒவ்வொன்றுக்கும் சுமார் 200 எம்பி. 32 ஜிபி எந்த மூலைக்கு? ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) நிரம்பி, எச்டாப் (ஒவ்வொரு கோரும் எவ்வளவு ஓடுகிறது என்று பட்டைகளாகக் காட்டும் நிரல்) திரை அசையாமல் நின்று, கடைசியில் லினக்ஸ் கெர்னலே ப்ராசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, கொல்ல ஆரம்பித்தது. எந்தப் புத்தகம் முடிந்தது, எது பாதியில் செத்தது என்று பிரிப்பதற்குள் மணி எட்டாகிவிட்டது.

இதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருந்தது. டெசராக்ட் ஒரே பக்கத்துக்கு உள்ளேயும் ஓப்பன்எம்பி (ஒரு வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் வழி) மூலம் நான்கு த்ரெட், அதாவது நான்கு இணை ஓட்டம், வரை போடும். ஒரு பக்கத்தைத் தனியாக ஓட்டி அளந்தேன். ஒரு த்ரெட்டில் 6.1 விநாடி. நான்கு த்ரெட்டில் 4.6 விநாடி, ஆனால் சிபியு நேரம் (எல்லா கோரும் உழைத்ததன் கூட்டுத்தொகை) 14 விநாடி. அதாவது ஒன்றரை விநாடி மிச்சம் பிடிக்க எட்டு விநாடி வேலையைக் கூடுதலாக எரிக்கிறது. ஒரே ஒரு பக்கம் அவசரமாக வேண்டும் என்றால் சரி. ஆயிரக்கணக்கில் பக்கம் வரிசையில் நிற்கும்போது இது வெறும் நஷ்டம். ‘ஓஎம்பி த்ரெட் லிமிட்’ என்ற சூழல் மாறியை (எல்லாம் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு) 1 என்று வைத்ததும் இது நின்றது. டெசராக்டைக் கூட்டமாக ஓட்டுகிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

16 கோரும் நிரம்பி ஓடும்போது அதே பக்கம் 6.1 அல்ல, ஏறக்குறைய 8 விநாடி எடுக்கிறது. சில்லின் டர்போ வேகம் இறங்குகிறது, ரேமையும் எல்லாரும் பங்கு போடுகிறார்கள். இனிமேல் வரும் கணக்கெல்லாம் இந்த 8ஐ வைத்துத்தான். காலி இயந்திரத்தில் அளந்த எண்ணை வைத்துத் திட்டம் போட்டால் எல்லாம் கால்வாசி தப்பும்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே புத்தகம், அதற்கே 16 கோரும். நினைவகப் பிரச்சினை இல்லை, புத்தகம் புத்தகமாக முடிவதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் 2 மணி 5 நிமிடம் ஆனது. கெடு தாண்டி ஐந்து நிமிடம்! எச்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் தெரிந்துவிடும். பக்கங்களைப் படித்து முடித்ததும் பிடிஎஃப்-ஏ (நீண்ட காலம் பாதுகாக்க ஏற்ற பிடிஎஃப் வகை) ஆக மாற்றும் கட்டம் வருகிறது. அதைச் செய்வது கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல், ஒரே கோரில். பக்கத்துக்கு 0.4 விநாடிதான் என்றாலும் 7,200 பக்கத்துக்கு 48 நிமிடம். அந்த 48 நிமிடமும் மற்ற 15 கோர் சும்மா உட்கார்ந்திருந்தன. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னது இதைத்தான்: எத்தனை கோர் இருந்தாலும், பிரிக்க முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கு எல்லை. இங்கே பட்டைகள் ஒவ்வொன்றாக அணைவதைக் கண்ணால் பார்த்தேன்.

சரி, அப்போது எதிர்ப்பக்கம் போவோம் என்று 16 புத்தகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர். ஒரு புத்தகம் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் இருக்கும்போது மற்றவை படித்துக்கொண்டிருக்கும், கோர் வீணாகாது. ஒரு மணி நேரம் அழகாக ஓடியது, 16 பட்டையும் நிரம்பி. அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒரே ஒரு பட்டை மட்டும் மிஞ்சியது. அது ஓர் அகராதி. 720 பக்கம், இரட்டைப் பத்தி, பொடி எழுத்து. கோப்புப் பெயர் வரிசையில் பின்னால் இருந்ததால் 35ஆவது நிமிடத்தில்தான் அதற்கு முறை வந்தது. அதன் பக்கம் ஒன்றுக்கு 15 விநாடி. ஒரே கோரில் 3 மணி நேரம். இதற்காக மட்டும் அன்று நூலகரிடம் கெஞ்சிக் கூடுதல் நேரம் வாங்கினேன். 3 மணி 40 நிமிடம் இப்படி வந்ததுதான்.

இங்கே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்கலாம். மொத்த வேலை எவ்வளவு? அகராதிக்கு 3 மணி. மற்ற 6,480 பக்கமும் தலா 8 விநாடி, 14.4 மணி. கோஸ்ட்ஸ்கிரிப்ட் 0.8 மணி. ஆக 18.2 கோர்-மணி, அதாவது ஒரே கோர் செய்தால் 18.2 மணி நேரம். 16ஆல் வகுத்தால் 68 நிமிடம். என்ன தலைகீழாக நின்றாலும் இந்த இயந்திரத்தில் 68 நிமிடத்துக்குக் கீழே போக முடியாது. இந்த எண் கையில் வந்த பிறகுதான், எந்த முயற்சி நல்லது, எது போதாது என்று சொல்ல முடிந்தது. அதற்கு முன் ‘சிபியு 90 சதவீதம் ஓடுகிறது’ என்பதைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். முதல் நாள் 256 ப்ராசஸ் முட்டிக்கொண்டபோதும் இயந்திரம் மும்முரமாகத்தான் இருந்தது.

நீளமானதை முதலில் தொடங்கு என்பது எல்லாருக்கும் தோன்றும் வழி. சாக்கில் முதலில் தேங்காயைப் போட்டுவிட்டு இடுக்கில் நெல்லைக் கொட்டுவது போல. பெல் ஆய்வகத்தின் ரொனால்ட் கிரஹாம் 1969இலேயே இதை அலசி, இப்படி அடுக்கினால் முடியும் நேரம் சிறந்த விடையின் 4/3 மடங்கைத் தாண்டாது என்று நிரூபித்திருக்கிறார். ஆனால் அந்த உறுதி, ஒரு வேலைக்கு ஒரு கோர்தான் என்ற கட்டுக்குள் இருக்கும் சிறந்த விடையோடு ஒப்பிட்டது. என் தொகுதியில் அகராதி ஒன்றே ஒரு கோரில் 3 மணி நேரம். முதலில் தொடங்கினாலும் 3 மணி 5 நிமிடத்தில்தான் முடியும், முடிந்தது. கடைசி இரண்டு மணி நேரம் 15 கோர் வேடிக்கை பார்த்தன. வரிசை சரி, அகலம்தான் தப்பு.

எனவே அகலத்துக்கு ஒரு விதி வைத்தேன். இலக்கு 68 நிமிடம். எந்தப் புத்தகமும் அதில் பாதிக்கு மேல், அதாவது 34 நிமிடத்துக்கு மேல், ஓடக் கூடாது. அதற்கு எத்தனை கோர் போதுமோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுகூடத் தருவதில்லை. அகராதி 180 நிமிடம்; 34ஆல் வகுத்து மேலே முழுமையாக்கினால் 6 கோர். 900 பக்க நாவல் தொகுப்பு ஒன்று, 120 நிமிடம், 4 கோர். 300 பக்கப் புத்தகங்கள் 40 நிமிடம், 2 கோர். 250 பக்கத்துக்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒரே கோர். ஏன் பாதி என்றால், முழு இலக்கையே வைத்தால் எதுவும் சற்றுத் தாமதமாகத் தொடங்கினாலும் கெடு தாண்டும். கால்வாசி வைத்தால் நிறைய புத்தகங்கள் அகலமாகிவிடும், கோஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டத்தில் அத்தனை கோரும் சும்மா இருக்கும். பாதி என்பது என் தொகுதிகளுக்கு ஒத்துவந்த அளவு, அவ்வளவுதான்.

இதைச் செயல்படுத்துவதில்தான் நேரம் போனது. குனூ பேரலலுக்கு நான் சொல்லியிருந்தது எத்தனை வேலை என்ற எண்ணிக்கை மட்டும். ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு அகலம் என்பது அந்த எண்ணிக்கையில் அடங்காது. நிரல்களைக் கட்டும் கருவியான குனூ மேக், ஒரு பைப்பில் (ப்ராசஸ்கள் தகவலைக் கைமாற்றும் குழாய்) அனுமதிச் சீட்டு போல டோக்கன் எழுத்துகளைப் போட்டு வேலைகளைக் கட்டுப்படுத்துவது நினைவுக்கு வந்தது. அதே மாதிரி ஒரு பெயருள்ள பைப்பில் 16 எழுத்துகளைப் போட்டேன். 6 கோர் வேண்டும் என்றால் 6 எழுத்தைப் படி, முடிந்ததும் திருப்பி எழுது. ஷெல் ஸ்கிரிப்ட்டில் இருபது வரி, பார்க்க நேர்த்தி.

பத்து நிமிடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. ஒரு புத்தகம் இரண்டு டோக்கன் வேண்டி ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றுக்குக் காத்திருந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். கையில் பாதியை வைத்துக்கொண்டு எல்லாரும் மீதிக்காக நின்றார்கள். எவரும் ஓடவில்லை, எவரும் விடவில்லை. டோக்கன் எடுக்கும்போது ஒருவர் மட்டும் எடுக்கட்டும் என்று ஃப்ளாக் பூட்டு (லினக்ஸின் கோப்புப் பூட்டு) போட்டதும் அது தீர்ந்தது. பிறகு வேறொன்று: ஒரு ப்ராசஸ் திடீரெனச் செத்தால் அதன் டோக்கன் பைப்புக்குத் திரும்புவதில்லை. 16 கோர் 14 ஆகி, 12 ஆகி, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் இளைத்துக்கொண்டே போகும். பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு பைத்தானில் அறுபது வரி எழுதினேன். காலி கோர் எத்தனை என்பதை ஒரே தாய் ப்ராசஸ் வைத்துக்கொள்கிறது. பிள்ளை எப்படிச் செத்தாலும் கணக்கைத் திருத்துவது தாய்தான்.

அந்த அறுபது வரியில் ஒரு தாராளமும் இருந்தது. வரிசையில் முன்னால் நிற்பது 2 கோர் கேட்கிறது, காலியாக இருப்பது 1 என்றால், பின்னால் இருக்கும் ஒரு கோர்ப் புத்தகத்தை உள்ளே விடு. கோர் சும்மா இருக்க வேண்டாமே! விளைவு, 300 பக்கப் புத்தகம் ஒன்று வரிசையின் தலையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை ஒரு கோர் காலியானதும் பின்னால் இருந்த ஒல்லிப் புத்தகம் ஒன்று அதில் ஏறிக்கொண்டது. இரண்டு கோர் ஒரே நேரத்தில் காலியாகவே இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியில் அது மட்டும் தனியாக ஓடியது. 1 மணி 29 நிமிடம்.

பெரிய கணினி மையங்களில் இதே சிக்கலுக்கு, முன்னால் நிற்பவருக்கு ஒரு நேரத்தை உறுதி செய்துவிட்டு, அதற்குள் முடியக்கூடியதை மட்டுமே இடையில் விடுவார்கள். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தின் ஐபிஎம் இயந்திரத்துக்காக 1995இல் டேவிட் லிஃப்கா எழுதிய முறை அது. இன்று அத்தகைய மையங்களில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளிலும் அந்த வழிதான் இருக்கிறது. எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. முன்னால் நிற்பது, காலியாகும் கோரை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் மட்டுமே அப்படிப் பிடித்து வைக்கலாம். அதனால் பழைய முட்டுக்கட்டை வராது. ஒரு கோர் ஓரிரு நிமிடம் சும்மா இருக்கும், போகட்டும். 1 மணி 17 நிமிடம்.

மிச்ச ஐந்து நிமிடத்தை கோஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டத்திலிருந்து எடுத்தேன். அகராதி 6 கோரில் படித்து முடித்ததும், பிடிஎஃப்-ஏ மாற்றத்துக்கு ஐந்து நிமிடம் ஒரு கோர்தான் ஓடுகிறது. மற்ற 5 அதன் பெயரில் முடங்கிக் கிடக்கின்றன. வேலையை இரண்டாக உடைத்தேன். முதலில் வெறும் பிடிஎஃப் ஆக வெளியிடு, அகலம் 6. அது முடிந்ததும் பிடிஎஃப்-ஏ மாற்றத்தை ஒரு கோர் கேட்கும் தனி வேலையாக வரிசையில் சேர். ஏற்கெனவே எழுத்து உள்ள பக்கங்களைத் தாண்டிப் போகச் சொல்லும் விருப்பம் ஓசிஆர்மைபிடிஎஃப்பில் இருப்பதால் இரண்டாம் முறை ஓசிஆர் ஓடாது. இந்த ஒற்றைக் கோர் வேலைகள் கடைசி நேர இடுக்குகளை நிரப்பவும் உதவின. 1 மணி 12 நிமிடம். அடித்தளம் 68, இதற்கு மேல் துரத்துவது வீண் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு சில்லுக்கும் தனித்தனி ரேம் என்பதால், ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரே சில்லில் கட்டிப்போட்டுப் பார்த்தேன், நூமாசிடிஎல் என்ற கருவியை வைத்து. இரண்டு மூன்று சதவீதம் வித்தியாசம் வந்திருக்கலாம், அளவின் தடுமாற்றமே அவ்வளவு இருந்தது. ஒரு வரிதானே என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

சுவரில் செருகும் வாட் மீட்டர் சொன்னது: சும்மா இருக்கும்போது 110 வாட், முழுதாக ஓடும்போது 330. அந்த 3 மணி 40 நிமிட ஓட்டத்துக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட், இப்போது 0.4. மின்கட்டணத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு கோர் மட்டும் ஓடும்போதும் இயந்திரம் 150 வாட் இழுக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. ஒற்றை அகராதிக்காக நின்ற இரண்டரை மணி நேரம் மலிவாகப் போய்விடவில்லை.

பக்கம் பக்கமாகவே உடைத்து ஒரே வரிசையில் போட்டால் அகலம் என்ற பேச்சே வராதே என்று கேட்கலாம். உண்மைதான். 7,200 சிறு வேலைகள், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனால் கோணலை நேராக்குவது, படத்தைச் சுருக்குவது, பக்கங்களை ஒன்றாகக் கோப்பது எல்லாவற்றையும் ஓசிஆர்மைபிடிஎஃப் புத்தகத்தை முழுதாக எடுத்துக்கொண்டுதான் செய்கிறது. அதையெல்லாம் நான் மறுபடி எழுத வேண்டும், நான்கு நிமிட லாபத்துக்காக. இப்போதைக்கு வேண்டாம். மின்சாரம் இடையில் போனால் பக்கவாரியாக மீட்கலாம் என்ற காரணத்துக்காக என்றைக்காவது செய்யலாம்.

அடுத்த தொகுதிக்கு முன் மாற்றப்போவது மதிப்பீட்டை. நீளத்தை முதலில் பக்க எண்ணிக்கையை வைத்தே போட்டேன். அதன்படி 900 பக்க நாவல் தொகுப்பு அகராதிக்கு மேலே போய், அகராதிக்கு 3 கோர்தான் கிடைத்தது. பிறகு ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஐந்து பக்கத்தை எடுத்து ஓட்டிப் பார்த்து, சராசரியைப் பக்க எண்ணிக்கையால் பெருக்கினேன். 38 புத்தகத்துக்கும் சேர்த்து இந்தச் சோதனை இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. மேலே சொன்ன நேரங்களில் அந்த இரண்டு நிமிடம் சேரவில்லை. இனி அதை மாலை 6 மணிக்கு அல்ல, ஒவ்வொரு புத்தகமும் ஸ்கேன் முடிந்து வந்து விழும்போதே பகலில் ஓட்டிவிடலாம். அப்போது இயந்திரம் சும்மாதான் இருக்கிறது. ஐந்து பக்கத்தையும் புத்தகத்தின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். முன்பக்கங்களில் தலைப்பும் வெற்றுத் தாளும்தான் இருக்கும், அவற்றை நம்பினால் அகராதியும் ஒல்லிப் புத்தகமாகத் தெரியும்.